தடையை விற்றுப் பிழைத்த கம்பெனி

1982-ம் ஆண்டு பிரிட்டனில் வீடியோ பத்திரிகை வாங்கிப் புரட்டியவர்கள் ஒரு பக்கத்தில் திடுக்கிட்டு நின்றிருப்பார்கள். பக்கம் முழுக்க ஒரு மனிதனின் முகம். வலியில் கோணிப்போயிருக்கிறது, வாய் பிளந்திருக்கிறது. நெற்றியின் நடுவே ஒரு டிரில்லிங் மெஷின் இறங்கிக்கொண்டிருக்கிறது. ரத்தம் வழிகிறது. 'தி டிரில்லர் கில்லர்' என்ற படத்தின் வீடியோ கேசட்டுக்கான விளம்பரம் அது. விளம்பரத் தரத்தைக் கண்காணிக்கும் அமைப்புக்குப் புகார்கள் குவிந்தன. விளம்பரத்தைப் போட்ட கம்பெனி அவற்றைப் பார்த்து வருத்தப்பட்டிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அந்தப் படத்தைப் பார்த்தவர்களுக்கு ஒரு வேடிக்கை தெரியும். ஏபெல் ஃபெராரா 1979-ல் கையில் இருந்த சொற்பக் காசில் நியூயார்க்கில் எடுத்த படம் அது. வாடகை கொடுக்க வழியில்லாத ஓவியன் ஒருவன் காட்டெருமை ஓவியம் ஒன்றை முடிக்க முடியாமல் திணறுகிறான். அதே கட்டடத்துக்கு ஒரு பங்க் இசைக்குழு குடிவந்து இரவு பகலாக ஒத்திகை பார்க்கிறது. அவனுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் புத்தி பேதலிக்கிறது. படத்தைச் சத்தமாக வைத்துப் பாருங்கள் என்று ஆரம்பத்திலேயே ஒரு அறிவிப்பு வரும். கொலைகள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் முக்கால்வாசி நேரம் இசைக்குழுவின் இரைச்சலும் ஓவியனின் புலம்பலும்தான். நான் பார்த்தபோது பாதியில் கண்ணயர்ந்துவிட்டேன். அட்டையில் இருக்கிற நெற்றிக் காட்சிதான் படத்திலேயே கொடூரமான இடம். படத்தைப் பார்க்காமல் அட்டையை மட்டும் பார்த்தவர் இன்னும் பயங்கரமான ஒரு படத்தை மனதுக்குள் ஓட்டிக்கொண்டார். பிரிட்டன் நாடாளுமன்றமும் ஏறத்தாழ அதைத்தான் செய்தது.

அந்தக் கேசட்டை வெளியிட்ட கம்பெனியின் பெயர் விப்கோ. வீடியோ இன்ஸ்டன்ட் பிக்சர் கம்பெனி என்பதன் சுருக்கம். 1979-ல் தொடங்கியவர் மைக்கேல் லீ. இங்கிலாந்தின் புகழ்பெற்ற இயக்குநர் மைக் லீ வேறு. பெயர் ஒற்றுமையால் குழம்ப வேண்டாம். பிரிட்டனில் வீட்டு வீடியோ என்ற வியாபாரம் பிறந்த நேரத்தில் முளைத்த சின்னச் சின்ன வெளியீட்டாளர்களில் விப்கோவும் ஒன்று. அந்தக் கூட்டத்தில் பெரும்பாலானவை ஐந்தாறு வருடத்தில் அடையாளம் இல்லாமல் போய்விட்டன. விப்கோ இரண்டு முறை வாழ்ந்தது. முதல் தடவை அதைத் தூக்கிவிட்டதும் சாய்த்ததும் தடைதான். இரண்டாவது தடவை உயிர் கொடுத்ததும் தடைதான். கடைசியில் தடை விலகியபோது கம்பெனி தாக்குப்பிடிக்கவில்லை.

இது எப்படி நடந்தது என்று புரிய, அன்றைய சந்தையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

1970களின் கடைசியில் வீடியோ கேசட்டை ஓட்டும் டெக் யானை விலை. ஆனால் பிரிட்டனில் ஒரு பழக்கம் வேரூன்றியிருந்தது: டிவியை வாங்க மாட்டார்கள், மாத வாடகைக்கு எடுப்பார்கள். அதற்கென்றே ஊருக்கு ஊர் கிளை வைத்த கம்பெனிகள் இருந்தன. அந்தக் கம்பெனிகள் டெக்கையும் அப்படியே வாடகைக்கு விட ஆரம்பித்தன. கையில் மொத்தமாகப் பணம் இல்லாத குடும்பங்களின் வரவேற்பறைக்கும் டெக் வந்து சேர்ந்தது. 1980களின் நடுவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு வீட்டில் அது இருந்தது. அந்த வேகம் அன்று வேறு அதிக நாடுகளில் இல்லை.

சரி, மெஷின் வந்துவிட்டது. அதில் போட்டுப் பார்க்கப் படம் வேண்டுமே? ஹாலிவுட் ஸ்டூடியோக்கள் வீடியோவைச் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. யூனிவர்சலும் டிஸ்னியும் வீட்டில் டேப்பில் பதிவு செய்வதை எதிர்த்து சோனி மீது அமெரிக்காவில் வழக்கே நடத்திக்கொண்டிருந்தன. அது 1984-ல்தான் முடிந்தது. பெரிய கம்பெனிகள் தயங்கி நின்ற அந்த இடைவெளியில் சிறிய ஆட்கள் புகுந்தார்கள். பெரிய படத்தின் உரிமையை வாங்க அவர்களிடம் காசு இல்லை. இத்தாலியில் எடுத்த பிண, பேய்ப் படங்கள், அமெரிக்காவில் திறந்தவெளித் தியேட்டருக்காக எடுத்த மலிவுப் படங்கள், யாரும் சீண்டாத பழைய சரக்குகள் என்று திரைப்படச் சந்தைகளில் கிடைத்ததை அள்ளிவந்தார்கள்.

இந்தத் தொழில் நடந்த விதம் புத்தகப் பதிப்பகத்தைப் போலத்தான். படம் உங்களுடையது இல்லை. குறிப்பிட்ட நாட்டில், குறிப்பிட்ட வருடங்களுக்கு, கேசட்டாக விற்கும் உரிமை மட்டும் உங்களுடையது. தயாரிப்பாளர் தரப்பு ஒரு பிரிண்டையோ மாஸ்டர் டேப்பையோ அனுப்பும். அகலத்திரைப் படமாக இருந்தால் இரண்டு ஓரத்தையும் வெட்டி டிவியின் சதுரத்துக்குள் அடக்குவார்கள். அப்புறம் நகல் எடுக்கும் கூடம். ஒரு மாஸ்டர் மெஷின் ஓட, அதோடு இணைத்த நூற்றுக்கணக்கான டெக்குகள் ஒரே நேரத்தில் பதிவு செய்யும். இதில் குறுக்குவழி கிடையாது. தொண்ணூறு நிமிடப் படம் என்றால் ஒரு சுற்றுக்குத் தொண்ணூறு நிமிடம். முடிந்ததும் ஆட்கள் கேசட்டுகளை எடுத்துவிட்டு வெற்று டேப்பைப் போட்டு மறுபடி ஓட்டுவார்கள். அப்படி வந்த கேசட்டின் விலை 30, 40 பவுண்டு. தனி ஆள் வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளும் விலை இல்லை அது. கடைக்காரர் வாங்கி, ராத்திரிக்கு இவ்வளவு என்று வாடகைக்கு விட்டார்.

அந்தக் கடை தனி வீடியோ கடையாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. பேப்பர் கடை, தெருமுனை மளிகைக் கடை, பெட்ரோல் பங்க் என்று எங்கெல்லாம் ஒரு சுவர் காலியாக இருந்ததோ அங்கெல்லாம் கேசட் அடுக்கினார்கள். வாடிக்கையாளர் வெள்ளிக்கிழமை மாலை வந்து சுவரைப் பார்ப்பார். இயக்குநர் பெயர் தெரியாது, நடிகர் பெயர் தெரியாது, விமர்சனம் வந்திருக்காது. கண்ணுக்குத் தெரிவது அட்டைப்படம் ஒன்றுதான். அதனால் வெளியீட்டாளர்கள் காசைப் படத்தில் போட்டதைவிட அட்டையில் போட்டார்கள். அன்றைய பெட்டிகளும் பெரிய புத்தக அளவில், தடித்த பிளாஸ்டிக்கில் இருக்கும். ஓவியருக்கு இடம் தாராளம். நெற்றியில் டிரில் இறங்கும் அந்தப் படம் இந்தக் கணக்கின் பலன். கெட்ட ரசனை என்று சொல்லலாம், முட்டாள்தனம் என்று சொல்ல முடியாது.

சினிமா தியேட்டரில் ஓடும் படத்துக்குச் சான்றிதழ் வேண்டும். பிபிஎஃப்சி என்ற வாரியம் அதைக் கொடுக்கும். ஆனால் கேசட்டுக்கு எந்தச் சட்டமும் இல்லை. சட்டம் எழுதிய காலத்தில் கேசட்டே இல்லையே. தியேட்டருக்கு வந்தபோது சென்சார் வெட்டிய துண்டுகளைச் சேர்த்து வீடியோவில் விட்டால் கேட்க ஆள் இல்லை. விப்கோ இதைச் சட்டென்று பிடித்துக்கொண்டது.

லூசியோ ஃபுல்ச்சி என்ற இத்தாலிய இயக்குநரின் 'ஸாம்பி ஃபிளெஷ் ஈட்டர்ஸ்' 1980-ல் பிரிட்டன் தியேட்டர்களுக்கு வந்தது. கடலுக்கு அடியில் உயிர்த்தெழுந்த ஒரு பிணமும் சுறாவும் சண்டை போடும் காட்சி இருக்கிற ஒரே படம் இதுவாகத்தான் இருக்கும். அது இருக்கட்டும். அதில் இன்னொரு காட்சி. பிணத்தின் கை கதவை உடைத்துக்கொண்டு வந்து ஒரு பெண்ணின் தலைமுடியைப் பிடித்து இழுக்கிறது. உடைந்த மரச் சிராய் ஒன்று நேராக நீட்டிக்கொண்டிருக்கிறது. அவள் கண் அதை நோக்கி அங்குலம் அங்குலமாகப் போகிறது. கேமரா விலகவே இல்லை. இதையும் இன்னும் சிலதையும் சேர்த்துத் தியேட்டர் பிரதியில் ஒன்றே முக்கால் நிமிடத்தை சென்சார் வெட்டினார்கள். விப்கோ முதலில் அந்த வெட்டிய பிரதியையே வீடியோவில் விட்டது. அப்புறம் வெட்டாத பிரதியைத் தனியாக விட்டது. 'வீரியமான, வெட்டாத பதிப்பு' என்று பொருள்படும் வாசகம் அட்டையில் இருந்தது. ஒரே படம், இரண்டு கேசட். இரண்டாவதில் விற்றது அந்த ஒன்றே முக்கால் நிமிடம்தான். தடைக்கு ஒரு விலை இருக்கிறது, அதை அட்டையில் அச்சடிக்கலாம் என்று இந்தக் கம்பெனி கற்றுக்கொண்ட இடம் இது என்று நான் நினைக்கிறேன். பிற்பாடு அது வேறு எதையும் கற்றுக்கொள்ளவில்லை என்பது கதையின் மறுபாதி.

1982 மே மாதம் 'சண்டே டைம்ஸ்' பத்திரிகை கடைத்தெருவின் கொடூரம் வீட்டுக்குள் நுழைகிறது என்று எழுதியது. 'வீடியோ நாஸ்டி', அதாவது அருவருப்பான வீடியோ, என்ற பட்டப்பெயர் பரவியது. மேரி வைட்ஹவுஸ் என்ற அம்மையார் டிவி, வானொலி ஒழுக்கத்துக்காகப் பல வருடங்களாகப் போராடிவந்தவர். அவர் இதைக் கையில் எடுத்தார். எடுக்க வைத்ததே ஒரு வீடியோ கம்பெனிதான் என்று ஒரு கதை உண்டு: 'கேனிபல் ஹோலோகாஸ்ட்' படத்தை வெளியிட்ட கோ வீடியோ, விளம்பரம் கிடைக்கட்டும் என்று தன் படத்தைப் பற்றித் தானே அவருக்கு மொட்டைக் கடுதாசி போட்டதாம். போட்டிருந்தால், சொந்தச் செலவில் வைத்துக்கொண்ட சூனியத்துக்கு அதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

போலீஸ் கையில் இருந்தது 1959-ன் ஆபாச வெளியீடுகள் சட்டம். படிப்பவரை, பார்ப்பவரைச் சீரழிக்கும் தன்மை உள்ள பொருள் என்பது அதன் அளவுகோல். வீடியோ கேசட்டும் அந்தச் சட்டத்தின்படி ஒரு 'பொருள்'தான் என்று 1980-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லியிருந்தது. ஆக, கேசட்டைப் பறிமுதல் செய்யலாம். எந்தக் கேசட்டை? அதுதான் யாருக்கும் தெரியவில்லை. ஒரு ஊரில் குற்றமான படம் இன்னொரு ஊரில் விடுதலை ஆனது. தலைப்பை வைத்தே அள்ளிக்கொண்டு போனார்கள். டாலி பார்ட்டன் பாடி நடித்த இசைப்படம் ஒன்றின் தலைப்பில் விபசார விடுதியைக் குறிக்கும் ஒரு சொல் இருந்ததால் அதையும் தூக்கினார்கள். சாமுவேல் ஃபுல்லரின் போர்ப்படம் ஒன்றையும் பெயரைப் பார்த்து வேறு மாதிரிப் படம் என்று எடுத்துப் போனார்கள் என்று இன்றும் சிரித்துக்கொண்டு சொல்வார்கள். கடைக்காரருக்கு அது சிரிப்பு இல்லை. 40 பவுண்டு கேசட் போனால் போனதுதான். வழக்கு என்று வந்தால் சிறை வரை போகும்; ஒரு வெளியீட்டாளர் உண்மையிலேயே போனார்.

குழப்பம் தாங்காமல் அரசு வழக்குத்துறைத் தலைவர் 1983-ல் ஒரு பட்டியல் வெளியிட்டார். வழக்குத் தொடுக்கத் தக்க படங்கள் இவை என்று. பட்டியல் மாதாமாதம் கூடியது, குறைந்தது. மொத்தத்தில் 72 படங்கள் அதில் இடம்பெற்றன. 39 படங்களுக்கு எதிரான வழக்குகள் வென்றன. 'டிரில்லர் கில்லர்', 'ஸாம்பி ஃபிளெஷ் ஈட்டர்ஸ்', 'தி போகிமேன்', 'டெத் டிராப்', 'தி ஸ்லேயர்' என்று விப்கோவின் அலமாரியிலிருந்து வரிசையாகப் பேர் வந்தது. ஒரு சின்னக் கம்பெனிக்கு இவ்வளவு பெரிய மரியாதையா என்று கேட்கும் அளவுக்கு.

அந்த வருடம் தேர்தல் நடந்தது. மார்கரெட் தாட்சரின் கட்சி வன்முறை வீடியோக்களை ஒடுக்கச் சட்டம் கொண்டுவருவதாக அறிக்கையிலேயே சொல்லியிருந்தது. ஜெயித்ததும் கிரஹாம் பிரைட் என்ற உறுப்பினர் தனிநபர் மசோதாவைக் கொண்டுவந்தார். இந்தப் படங்கள் சிறுவர்களை மட்டும் இல்லை, நாய்களையும் பாதிக்கின்றன என்று தான் நம்புவதாக அவர் டிவி பேட்டியில் சொன்னது இன்றுவரை மேற்கோள் காட்டப்படுகிறது. ஆறு ஏழு வயதுக் குழந்தைகள்கூடக் கணிசமாக இவற்றைப் பார்த்திருக்கிறார்கள் என்று ஒரு கணக்கெடுப்பு நாடாளுமன்றத்தை உலுக்கியது. சந்தேகப்பட்ட ஆய்வாளர்கள் சிலர் இல்லாத படங்களின் பெயர்களைக் கேள்வித்தாளில் சேர்த்துப் பள்ளிப் பிள்ளைகளிடம் கொடுத்தார்கள். பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் அந்த இல்லாத படங்களையும் பார்த்துவிட்டதாக எழுதினார்கள். பிள்ளைகள் என்றால் அப்படித்தானே.

1984 ஜூலையில் வீடியோ பதிவுகள் சட்டம் வந்தது. குண்டு வெடித்த மாதிரி இல்லை, கழுத்தைச் சுற்றிய கயிறு மெல்ல இறுகியது போல. 1985 செப்டம்பரில் தொடங்கி 1988 வரை கட்டம் கட்டமாக அமலானது. இனி விற்கும், வாடகைக்கு விடும் ஒவ்வொரு கேசட்டுக்கும் பிபிஎஃப்சி சான்றிதழ் வேண்டும். இல்லாமல் விற்றால் 20,000 பவுண்டு வரை அபராதம். புதுப் படத்துக்கு மட்டும் இல்லை, ஏற்கனவே வெளியான பழைய கேசட்டுகளுக்கும். வாரியம் நிமிடக் கணக்கில் கட்டணம் வாங்கியது. நூறு இருநூறு பழைய படங்களை வைத்திருந்த சின்ன வெளியீட்டாளர் அத்தனைக்கும் கட்டணம் கட்ட வேண்டும், அதுவும் வாடகைச் சந்தையில் ஏற்கனவே சம்பாதித்து முடித்த படங்களுக்கு. கணக்குப் போட்டுப் பார்த்து கடையைக் கட்டினார்கள். இதற்குள் ஹாலிவுட்டும் தயக்கம் விட்டு வீடியோவுக்குள் வந்துவிட்டது. ஒரு பெரிய கம்பெனிக்குச் சான்றிதழ் கட்டணம் ஒரு பொருட்டில்லை. நாஸ்டிகளைக் கொன்றது ஒழுக்கம் என்று சொல்வார்கள். என் பார்வையில் பாதிக் கொலையைச் செய்தது அந்தக் கட்டண ரசீது. விப்கோவின் சத்தமும் அடங்கியது.

அடங்கியது என்று நினைத்தபோதுதான் தடை தன் வேலையைக் காட்டியது. அரசு வெளியிட்ட அந்த 72 படப் பட்டியல் பதின்வயதுப் பையன்களுக்குப் பொருள் வாங்கும் சீட்டு மாதிரி ஆகிவிட்டது. எதைத் தேட வேண்டும் என்று அரசே எழுதிக் கொடுத்த மாதிரி. பழைய பெரிய பெட்டிக் கேசட்டுகளுக்கு 'ப்ரீ-செர்ட்', அதாவது சான்றிதழ் காலத்துக்கு முந்தையது, என்ற பெயர் வந்து விலை ஏறியது. திரைப்படச் சந்தைகளில் மேசைக்கு அடியில் கைமாறியது. தபாலில் வந்த நகலின் நகலின் நகலில் நிறம் கரைந்து, முகங்கள் ஆவி மாதிரித் தெரியும். இந்த வன்முறையெல்லாம் எங்கே இருக்கிறது என்று துழாவிப் பார்க்க வேண்டியிருக்கும். ஆனாலும் கையில் ஒரு ரகசியம் இருக்கிற சுகம் தனி.

1992 வாக்கில் விப்கோ திரும்பி வந்தது. இந்த முறை வாடகைக்கு இல்லை. விலை இறங்கி, மக்கள் கேசட்டைக் கடையில் வாங்கி வீட்டு அலமாரியில் அடுக்கும் காலம் வந்திருந்தது. 'ஸாம்பி ஃபிளெஷ் ஈட்டர்ஸ்', 'டெத் டிராப்', 'தி ஸ்லேயர்' என்று பழைய பேர்களே மறுபடி. முன்பு தடை செய்யப்பட்ட படம் என்ற பெருமையோடு அட்டைகள் வந்தன. பின்னால் கொடூரப் பெட்டகம், அலறல் தொகுப்பு என்ற ரீதியில் வரிசைப் பெயர்களும் சேர்ந்தன. பத்து வருடம் காத்திருந்த ரசிகன் ஓடிப்போய் வாங்கினான்.

வீட்டுக்குப் போய்ப் போட்டுப் பார்த்தால் அந்த ஒன்றே முக்கால் நிமிடம் இல்லை. மரச் சிராய் வருகிறது, கண் வருகிறது, அடுத்த நொடி வேறு காட்சி.

விப்கோவின் தவறு என்று மட்டும் சொல்ல முடியாது. அன்று பிபிஎஃப்சியை நடத்தியவர் ஜேம்ஸ் ஃபெர்மன். வீடியோவைத் தியேட்டரைவிடக் கடுமையாகப் பார்க்க வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. வீட்டில் குழந்தை பார்க்கும், ரிமோட்டால் ஒரே காட்சியைத் திரும்பத் திரும்ப ஓட்டலாம் என்பது காரணம். சட்டமே வீட்டில் பார்க்கப்படும் என்பதை மனதில் வைக்கச் சொல்லியிருந்தது. 1993-ல் இரண்டு பத்து வயதுச் சிறுவர்கள் ஒரு குழந்தையைக் கொன்ற வழக்கு நாட்டையே உறையவைத்தது. அந்தச் சிறுவர்கள் வீடியோ பார்த்துக் கெட்டார்கள் என்பதற்குப் போலீஸ் ஆதாரம் எதையும் காணவில்லை. ஆனாலும் அடுத்த வருடம் சட்டம் இன்னும் இறுகியது. அப்படிப்பட்ட சூழலில் ஒரு சின்ன வெளியீட்டாளர் வாரியத்தோடு மல்லுக்கட்ட முடியாது. வெட்டச் சொன்னால் வெட்டித்தான் ஆக வேண்டும்.

ஆக, 1990களின் விப்கோ ஒரு விசித்திரமான சரக்கை விற்றது. அட்டையில் தடையின் பெருமை, உள்ளே தடைக்குக் கட்டுப்பட்ட படம். முன்பு வெட்டிய துண்டை விற்ற கம்பெனி இப்போது அந்தத் துண்டு இல்லாத மீதியை விற்றது. ரசிகர்கள் திட்டிக்கொண்டே வாங்கினார்கள், வேறு வழியில்லாமல்.

1999 தொடக்கத்தில் ஃபெர்மன் ஓய்வு பெற்றார். அந்த வருடமே 'தி எக்ஸார்சிஸ்ட்', 'தி டெக்ஸாஸ் செயின் சா மாசக்கர்' போன்ற, வருடக்கணக்காக வீடியோவில் வரவிடாத படங்கள் சான்றிதழ் பெற்றன. வயது வந்தவர்கள் எதைப் பார்ப்பது என்பதை அவர்களே முடிவு செய்யட்டும் என்ற திசையில் வாரியம் திரும்பியது. 'டெத் டிராப்', 'தி ஸ்லேயர்' இரண்டும் 2000, 2001 வாக்கில் முழுதாகத் தேறின. நாட்டையே ஆட்டிப்படைத்த 'டிரில்லர் கில்லர்' 2002-ல் ஒரு வெட்டும் இல்லாமல் போனது. யாரும் கடிதம் எழுதவில்லை, நாடாளுமன்றம் கூடவில்லை, நாய்களுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

விப்கோவுக்குப் பொற்காலமாக இருந்திருக்க வேண்டிய நேரம் இது. ஆனால் அதே சமயம் டிவிடி வந்துவிட்டது. டிவிடி வாங்கும் ஆளின் மனசு வேறு. வாடகை ராத்திரிக்காரனுக்குப் பயம் போதும். டிவிடிக்காரனுக்குப் படம் இயக்குநர் எடுத்த அகலத்தில் வேண்டும், நெகடிவிலிருந்து சுத்தமாக எடுத்திருக்க வேண்டும், இயக்குநர் பேட்டி வேண்டும், சின்னக் கையேடு வேண்டும். எல்லா நாட்டு டிஸ்க்கையும் ஓட்டும் பிளேயர் மலிவாகக் கிடைத்தது. அமெரிக்காவிலிருந்தோ நெதர்லாந்திலிருந்தோ இன்டர்நெட்டில் ஆர்டர் போட்டால் வெட்டாத டிஸ்க் வீடு தேடி வந்தது. விப்கோ டிவிடிகளோ பலவும் பழைய கேசட் மாஸ்டரை அப்படியே டிஸ்கில் ஏற்றிய மாதிரி இருந்தன. மங்கல், ஓரம் வெட்டு, கூடுதலாக ஒன்றும் கிடையாது. ரசிகர்கள் மத்தியில் விப்கோ என்ற பேரே மட்டமான டிஸ்க்குக்கு மறுபெயர் ஆனது.

ஒரு உதாரணம் போதும். 'கேனிபல் ஹோலோகாஸ்ட்' படத்தை 2001-ல் பிரிட்டனில் டிவிடியாகக் கொண்டுவந்தது விப்கோதான். ஆறு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவான அளவு வெட்டப்பட்டிருந்தது. பத்து வருடம் கழித்து, 2011-ல், வேறொரு சின்ன கம்பெனி அதே படத்தை மறுபடி வாரியத்துக்கு அனுப்பியது. வெட்டச் சொன்னது 15 விநாடி. அதுவும் மனிதர்கள் சம்பந்தப்பட்டது இல்லை. படப்பிடிப்பில் உண்மையாகவே ஒரு மிருகத்தைக் கொன்றிருந்ததால், மிருகவதைக் காட்சிகளுக்கு எதிரான 1937-ம் வருடத்துச் சட்டத்துக்காக. இந்த டிவிடி சந்தையில் நிற்க வேறு திறமை வேண்டும். வாரியத்தோடு பேச, மூலப் பிரதியைத் தேடிப் பிடிக்க, ஸ்கேன் செய்யச் செலவழிக்க. விப்கோவுக்குத் தெரிந்தது அட்டை. அதை அது கடைசி வரை நன்றாகவே செய்தது.

சோம்பேறித்தனம் என்று ரசிகர்கள் சொல்வார்கள். எனக்கு முழுச் சம்மதம் இல்லை. உரிமையை மலிவாக வாங்கி, கையில் இருக்கும் மாஸ்டரை வைத்து, கவர்ச்சியான பெட்டியில் போட்டு விரைவாக விற்பது 1981-ல் சரியான கணக்கு. அன்று படம் வேறெங்கும் கிடைக்காது, ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு பிரதி இல்லை. 2003-ல் அதே கணக்கைப் போட்டால் தப்பாகத்தான் வரும். இருந்தாலும், இருபது வருடம் ஒரே படங்களை மூன்று நான்கு தடவை விற்ற கம்பெனிக்கு ஒரு தடவையாவது அந்தப் படங்களின் மேல் பிரியம் வந்திருக்கலாம் என்ற வருத்தம் எனக்கும் உண்டு. அதன் போட்டியாளர்கள் பலர் விப்கோ கேசட்டைப் பார்த்து வளர்ந்த பையன்கள். அவர்களுக்கு அந்தப் பிரியம் இருந்தது. 'ஸாம்பி ஃபிளெஷ் ஈட்டர்ஸ்' 2005-ல் இன்னொரு கம்பெனியின் டிவிடியாக முழுதாக வந்தது. 2012-ல் ஆரோ வீடியோ அதை மூல நெகடிவிலிருந்து புதுப்பித்து ப்ளூரேயாக விட்டது. மரச் சிராயின் நார்கூட எண்ணிப் பார்க்கும்படி இருக்கிறது.

விப்கோ 2007-ல் மூடப்பட்டது. பெரிய சத்தம் ஒன்றும் எழவில்லை.

இரண்டு வருடம் கழித்து, 2009 ஆகஸ்டில், பிரிட்டன் அரசு அதிகாரிகள் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்து முழித்தார்கள். 1984-ன் வீடியோ பதிவுகள் சட்டத்தைப் பற்றி அன்றைய ஐரோப்பிய ஆணையத்துக்கு முறைப்படி அறிவிப்பு கொடுத்திருக்க வேண்டும். வர்த்தகத்தைத் தொடும் தொழில்நுட்ப விதிகளுக்கு அது கட்டாயம். யாரோ மறந்துவிட்டார்கள். அந்த ஒரு கடிதம் போகாததால் இருபத்தைந்து வருடமாக அந்தச் சட்டத்தை வைத்து யார் மீதும் வழக்குப் போட முடியாத நிலைதான் இருந்திருக்கிறது. ஆபாசச் சட்டத்தின் கீழ் நடந்த ஆரம்ப கால நாஸ்டி வழக்குகளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் கட்டணம், வெட்டு, 20,000 பவுண்டு பயம் எல்லாம் இந்தச் சட்டத்தின் பேரில் வந்தவை. அவசரமாக 2010 ஜனவரியில் அதே வாசகங்களோடு சட்டத்தை மறுபடி நிறைவேற்றி, இந்த முறை கடிதத்தை அனுப்பினார்கள். பழைய தண்டனைகளை ரத்து செய்யவோ நஷ்டஈடு கேட்கவோ முடியாது என்று அரசு சொல்லிவிட்டது. முன்பே தெரிந்திருந்தால் விப்கோ என்ன செய்திருக்கும் என்று ஊகிப்பது கஷ்டமில்லை. அட்டையில் போட்டிருக்கும்.